வின்ரர்போண் என்ற பெயர்

ஒக்ரோபர் 14, செவ்வாய் இரவு

குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் பள்ளிக்கூட ரீச்சர். எங்களுடையது வின்ரர்போண். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையை அப்படிச் சொல்வார்களாம். உலகத்தில் மிகச் சிலருக்கே இந்தப் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்களில், உதவிய வெள்ளைக்காரரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்களாம். நாங்களோ கோயிலுக்குப் போகிறவர்கள். புரியாமல், பெயர்களைத் தேடும் இணையத்தளம் ஒன்றில் போன வாரம் கேட்டு எழுதினேன்.

இன்று சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“உது எங்கட பேரில்லை. ஆரோ ஒருத்தரின்ர பாஸ்போட்டில, அந்தப் பேரிலதான் நான் கனடாவுக்கு வந்தனான். ஒருத்தரிட்டையும் கதைக்காதை. தெரிஞ்சா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“உங்களை அனுப்பின ஏஜென்ற், சிமித் எண்டு ஒரு பேரைத் தந்திருந்தா ஆரும் தேடமாட்டினம்,” என்றார் அம்மா. அப்பா சிரிக்கவில்லை.

இணையத்தளத்தில் எழுதியதை அழிக்க அறைக்கு ஓடிவந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தார். அங்கே இந்தப் பெயரில் அவர்கள் ஒரு குடும்பம்தானாம். கனடாவுக்கென்று வெளிக்கிட்டுப் போன தன் அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லையாம்.

“பிள்ளை, நீர் அண்ணாவின்ர மகளோ? அப்பிடியெண்டா நான் உமக்கு மாமி.”

இல்லை என்று எழுதினால், பெயர் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார். எழுதாமல் அழித்தால், அண்ணன் இங்கே இருக்கிறார் என்றே காத்திருப்பார்.

‘மாமி’ என்று மட்டும் அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது?