ஏழு சாமான் பொதி

இன்று காலை மருமகனின் கடையில் கணினி என்னோடு சண்டைக்கு வந்தது, ஐசே. "பத்தியச் சரக்குப் பொதி ஒன்று" என்று அடித்தேன். தரமாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. பொதிக்குள் போகவேண்டிய ஏழு சாமானில் குழந்தையைக் குளிப்பாட்டும் சவர்க்காரம் இருப்பில் இல்லையாம். ஒன்று குறைந்தால் பொதியே இல்லையாம். பக்கத்தில் இஞ்சி காயவைத்த வேர்க்கொம்பு மூட்டை அவிழ்ந்து கிடந்தது. அந்தக் காரமணம் மூக்கில் ஏற, களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னம் இந்தப் பெட்டி கிடைத்திருந்தால் நீர் என்னிடமிருந்து தப்பியிருப்பீர்.

திருநெல்வேலிச் சந்தையடியில் நாங்கள் பங்குக்கு நடத்திய கடையில் நீர்தான் கணினி. ஒவ்வொரு சாமானுக்கும் இருப்பு எழுத ஒரு மட்டை. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி, சவர்க்காரம் ஏழையும் பிள்ளை பெற்றவளுக்கென்று ஒரு பையில் கட்டினால், ஏழு மட்டையிலும் ஒவ்வொன்றைக் கழித்து, பொதி மட்டையில் ஒன்றைக் கூட்டுவீர். "கட்டின பொதி கட்டினதுதான். தனியக் கேட்டு ஆர் வந்தாலும் அவிழ்க்கப்படாது" என்பீர். நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

யுத்தத்தால் சாமான் வரும் பாதை பூட்டிக் கிடந்த காலம். சவர்க்காரம் இல்லாமல் ஊரே பனங்காய் பிழிந்து துணி தோய்த்தது. எனக்கோ நெல்லியடிக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். அப்போது என்னில் வீசிய மணத்தோடு போனால் அந்த வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. ஒரு பொதியை மெல்ல அவிழ்த்து, சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு, நூலை முன்போலவே முடிந்து வைத்தேன். மட்டையில் பொதி ஆறு, அலுமாரியிலும் ஆறு. அடுத்தமுறை சவர்க்காரம் வரும்போது வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

அடுத்த நாளே உம்முடைய மகன் பிறந்தான். ஆறில் அந்த ஒன்றைத்தானா நீர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்! மருத்துவிச்சி கையை நீட்டியபடி நிற்க, நீர் நாலு வீடு ஏறி இறங்கி, தேய்ந்த கட்டியொன்றை இரந்து வந்தீராம். மறுநாள் கடைக்கு வந்தீர். கத்துவீர் என்று பார்த்தேன்.

"ஐசே, முந்தநாள் உம்மிலை பச்சைப்பிள்ளை மணம் மணந்தது."

"இல்லையப்பா, அது வந்து..."

"பொம்பிளை ஓமெண்டிட்டாளோ?"

"ஓம்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். ஆனால் பொதி கட்டும் நூலை அதன்பிறகு என் கையில் தரவில்லை. என் கலியாணத்துக்கு வந்தீர், இரண்டாம்முறை பாயாசம் கேட்டீர். நான் கொண்டுவந்து கொட்டிய ஊர்வம்புக்கெல்லாம் சிரித்தீர். நூல்பந்து மட்டும் உமது சட்டைப்பையிலேயே இருந்தது. கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அந்தச் சட்டைப்பையைப் பார்த்துப் பார்த்தே வருஷங்கள் போயின.

சண்டை கிட்ட வந்து, ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அன்று என் மனைவிக்கு நிறைமாதம். கடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் பதறித் திரிய, நீர் எடுத்தது ஒரேயொரு பை. சனநெரிசலில் நாவற்குழி தாண்டியதும் சைக்கிளை நிறுத்தி அதை நீட்டினீர்.

"எண்ணிப் பாரும்."

பின்னால் வந்தவர்கள் ஏச ஏச எண்ணினேன். எட்டு. சவர்க்காரம் இரண்டு.

"ஒண்டு கூடிப்போச்சு."

"ஒண்டு பிள்ளைக்கு, மற்றது உமக்கு. பிள்ளையின்ரையிலை கை வையாதையும்."

பிறகு நூல்பந்தை என் கையில் வைத்தீர். "முடிச்சை நீர் போடும்."

நீர் போய்ச் சேர்ந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. அந்தச் சவர்க்காரத்தில் குளித்து வளர்ந்தவளின் புருஷன்தான் இந்த மருமகன். மாதம் முடிய அவன் இருப்பை எண்ணிக் கணினியில் திருத்தும்போது முகம் சுளிக்கிறான். விற்ற பொதி சரி, மற்ற ஆறு சாமானும் சரி, சவர்க்காரம் மட்டும் எப்போதும் குறைகிறது. "மாமா, ஆரோ எடுக்கினம்" என்கிறான். நான் அடுத்த பொதிக்கு நூலை எடுக்கிறேன். முடிச்சுப் போடுமுன் ஒவ்வொரு பொதியிலும் ஒன்று கூட வைப்பது இந்தக் கைதான். வைக்காமல் கட்ட அதற்குத் தெரியாது. இன்றைய சிவப்பு எழுத்துக்கும் நானே காரணம்.

நேற்று அவன் பக்கத்தில் வந்து குனிந்து, என்னை மெல்ல மணந்து பார்த்தான், ஐசே.