பர்மனென்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டேன், அப்பா

வாய்க்காரி என்று என்னை ஆசையாகத் திட்டிய அப்பாவுக்கு,

நீ போய் நான்கு வருடமாகிறது. மூன்று வருடமாகக் கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். இப்போது சென்னையில் ஒரு பெரிய சட்ட அலுவலகத்தில் பாராலீகல் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வக்கீலுக்குத் துணையாக ஆவணம் திரட்டுவது, மனுவுக்கு வரைவு எழுதுவது, கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்குவது, இதெல்லாம்தான் அந்த வேலை. கறுப்புக் கோட்டு கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஏமாந்து போகாதே.

முதலில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய ரெஸ்யூமுக்குப் பதிலே வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ரெஸ்யூமின் மேலே அப்ஜெக்டிவ் என்று இரண்டு வரி இருக்கும், எதற்காக இந்த வேலைக்கு வருகிறேன் என்று சொல்லும் இடம். அதில், 'சவாலான சூழலில் பணியாற்றி பர்மனென்ட் வேலை பெற விரும்புகிறேன்' என்று இருந்தது. சுரங்கத்தை நம்பி வாழும் நம் மந்தாரக்குப்பத்தில், செல்வம் அண்ணனின் கம்ப்யூட்டர் கடையில் எல்லோருக்கும் அதே வரிதான். வெல்டருக்கும் அதுதான், நர்ஸுக்கும் அதுதான். நம் ஊரில் பிள்ளைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே பர்மனென்ட் என்று சொல்லப் பழகிவிடுகின்றன. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேனே தவிர, அவர்களுக்கு நான் என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை இல்லை. யார் கூப்பிடுவார்கள்?

அதை அழித்துவிட்டு நானே எழுதினேன். 'கான்ட்ராக்ட் தொழிலாளர் வழக்குகளுக்கு ஆவணங்களைத் திரட்டி, தேதிவாரியாக அடுக்கி, அவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் வரைவாக எழுதிய மூன்று வருட அனுபவத்துடன், உங்கள் தொழிலாளர் வழக்குப் பிரிவில் பாராலீகலாகப் பணியாற்ற விரும்புகிறேன்.' ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டே வரி.

செல்வம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "ஊரே அதத்தான் போட்டுக்கினு இருக்குது, நீ மட்டும் என்னாத்துக்கும்மா மாத்தற? கான்ட்ராக்ட் ஆளுங்க கேஸுன்னு போட்டா வம்புக்காரின்னு நெனைச்சிடுவாங்க. அப்பா தொழிலுக்கு நேரா மைன்ஸ் எம்ப்ளாயின்னு அடிச்சிடறேன். செத்தவரப் பத்தி யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்ணா. கான்ட்ராக்ட் தொழிலாளின்னே அடிங்க" என்றேன்.

அவர் நல்ல மனுஷன்தான், எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ செத்த பிறகு உன் கான்ட்ராக்டர், 'அப்படி ஒரு ஆள் என்னிடம் வேலையே பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார் அப்பா. பதினோரு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவனை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டார். சுரங்கத்துக்குள் போக உனக்குக் கொடுத்த கேட் பாஸ்களின் நகல்களை அம்மாவின் அரிசி டின்னுக்குள் இருந்து எடுத்து, வருடவாரியாக ஒட்டி நான்தான் கடலூர் வக்கீலிடம் கொண்டுபோனேன். அதைப் பார்த்துத்தான் அவர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்த உன்னை மறைத்துத்தான் எனக்கு இன்னொரு வேலை வேண்டுமா?

போன வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெண் வக்கீல் போன் செய்தார்.

"உங்க அப்ஜெக்டிவ் தெளிவா இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். ஒண்ணு கேக்கணும். எங்ககிட்ட கான்ட்ராக்டர்களும் கட்சிக்காரங்களா வருவாங்க. அவங்க ஃபைலத் தயார் பண்ணச் சொன்னா பண்ணுவீங்களா?"

 முடியாது என்றால் வேலை போய்விடும். முடியும் என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"பண்ணுவேங்க மேடம். இருக்கற காகிதம் அத்தனையும் தேதிவாரியா வெப்பேன். அந்த ஆளு வேல செஞ்சான்னு ஒரு சீட்டு இருந்தாலும் அதையும் சேத்துதான் வெப்பேன். எடுத்துடுன்னு சொன்னா எடுக்க மாட்டேங்க."

 அவர், "திங்கட்கிழமை நேர்ல வாங்க. இதையே எங்க சீனியர்கிட்டயும் சொல்லுங்க" என்றார். தைரியம் சொன்னாரா, எச்சரித்தாரா, எனக்குத் தெரியவில்லை.

சொல்லத்தான் போகிறேன். வேலை கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் நான் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், வேலை செய்த மனிதனை இல்லை என்று சொல்லும் கோப்பு என் கையால் வெளியே போகாது. இது சத்தியம் அப்பா.

கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகள்,
உன் கலைச்செல்வி