பிடரியில் அடித்த காற்று

ரீகா நகரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி தேவலையா? நம் ஊர் பீரோட்டில் பனி விழுந்துவிட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. சர்வர் அறையில் இயந்திரங்களின் சூட்டைக் கவனிக்க ஒரு மென்பொருள் போட்டேன். சூடு ஏறினால் போனுக்குச் செய்தி வரும். போட்ட நாள்முதல் ஒரே இயந்திரம் கொதிப்பதாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினேன். கடைசியில் அந்த இயந்திரம் தானாகவே அணைந்துபோனது. மேலாளர் இனெஸெ வந்து என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அந்த இயந்திரத்துக்குக் குளிர்காற்று வரும் துவாரத்தில் நீ பின்னிய மஃப்ளர் திணிக்கப்பட்டிருந்தது.

"ஏம்ப்பா ஸ்ரெத்தன், இதை யாரு அடைச்சது?"

"நான்தான். பிடரியில காத்து அடிச்சா ஜன்னி வந்துடும்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"எங்கம்மா."

"நல்ல அம்மா! உனக்கு ஜன்னி வரல, மெஷினுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

மஃப்ளரை எண்ணெய்க் கறையோடு திருப்பித் தந்தார்கள். முடிந்தால் இன்னொன்று பின்னி அனுப்பு. கூடவே மிளகாய்த் தொக்கு ஒரு புட்டி.

நான் கழற்றிய சென்சாரில் கோளாறே இல்லை. அதை என் போனோடு இணைத்து, என் அறையில் கட்டிலருகே வைத்திருக்கிறேன். ஏதாவது சரியில்லை என்றால் போனுக்குச் செய்தி வரும். இதுவரை வரவில்லை. ஆகவே நான் நன்றாகத்தான் இருக்கிறேன் போலிருக்கிறது.

டிராம் வந்துவிட்டது.

உன்
ஸ்ரெத்தன்