ஏழாம் மேசையின் மணி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் சின்னவள் போய்விட்டாள் என்று கொடுத்த தந்திக்கு, வண்டி கிடைக்கவில்லை என்ற உன் பதில் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது நீ வந்தே ஆக வேண்டும். தந்தியில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் போனது ஞாயிறு. இன்று வியாழன். இன்னும் அடக்கம் ஆகவில்லை.

உன் மாப்பிள்ளையின் வேலை உனக்குத் தெரியும். உயிரோடு புதைத்துவிடுவோமோ என்று பயந்து, ஊரார் பிணங்களை அவருடைய கூடத்தில் கொண்டுவந்து கிடத்துவார்கள். விரலில் கட்டிய நூலின் மறுமுனை காவலறை மணியில் இருக்கும். உடம்பு கெடத் தொடங்கிவிட்டது என்று வைத்தியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டி. நீ ஒருதரம் வந்து, வாசலைத் தாண்டாமலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாயே, அந்தக் கூடம்தான்.

பதினோரு வருஷத்தில் மணி எத்தனையோ தரம் அடித்திருக்கிறது. ஒருவர்கூட எழுந்ததில்லை. உடம்பு ஊதினால் விரல் நகரும், நூல் இழுபடும், அவ்வளவுதான். ஓடிவரும் சொந்தக்காரர்களை உட்காரவைத்து, "உள்ள காத்து சேருதுங்க, வேற ஒண்ணுமில்ல, மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார்.

செவ்வாய் மத்தியானம் ஏழாம் மேசை மணி அடித்தது. நம் பிள்ளை கிடக்கும் மேசை. அன்றிலிருந்து அவர் அங்கேயே பழிகிடக்கிறார். உள்ளங்கையைத் தேய்க்கிறார், கம்பளி போர்த்துகிறார், உதட்டில் பாலைத் தொட்டு வைக்கிறார். நேற்று வைத்தியர் கையெழுத்துப் போட வந்தால், பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். மணி மறுபடியும் இரண்டு தரம் அடித்தது. ஒவ்வொரு தரமும் அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

வயிற்றில் பச்சை படர்ந்துவிட்டது, அண்ணா. எத்தனை பூவைக் கொட்டினாலும் வாடை அடங்கவில்லை. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். நான் வாயைத் திறந்தால், "நீ பெத்தவதானா" என்று கேட்கிறார். நீ சொன்னால் கேட்பார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து உன்னிடம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

இவ்வளவுதான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இன்று காலை அவர் முகம் கழுவப் போன நேரத்தில், நூலை அவிழ்த்துவிடலாம் என்று நானே போனேன். சுலபமான முடிச்சுதான். கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவிழ்த்த பிறகு அவள் விரலை அசைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதம் கண்டதும் கிளம்பு. அண்ணியை அழைத்து வராதே, பிள்ளையின் கோலம் பார்க்கும்படி இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், நேரே போய் அந்த நூலை அறுத்துவிடு. உன் பிள்ளைகள் நூறாயுசு இருக்கட்டும்.

உன் தங்கை