அணியத்தில் கட்டிய கறுப்பு வளையங்கள்

என் அன்புள்ள நைனாவுக்கு,

உன் மேலேயே எனக்குச் சந்தேகம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. வந்துவிட்டது. கோபப்படாமல் கேள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் பெயிண்ட் அடித்த கையோடு நீ கண்ணை மூடிவிட்டாய். தடை முடிந்து தம்பி சேகர் கடலுக்குப் போனான். முதல் நாளே நான் மாட்டிக்கொடுத்த வயர்லெஸ்ஸில் பேச்சு கேட்கவில்லை, கொர்ரென்று ஒரே இரைச்சல். எதிரே வந்த விசைப்படகு கூப்பிட்டதே அவனுக்குத் தெரியவில்லை. மோதாமல் தப்பியது மயிரிழையில்.

கரைக்கு வந்ததும் என்மேல் பாய்ந்தான்: "இன்னாக்கா செட்டு மாட்டிக் குட்த்துகீற? டோல்கேட் மெக்கானிக்காண்ட காட்டிக்கறேன், நீ வுடு."

அந்த ஆள் பேர் வந்ததுமே எனக்குப் பொறி தட்டியது. பொம்பளை ரிப்பேர் பார்ப்பதா என்று ஊரெல்லாம் பேசுகிறவன் அல்லவா? அவன்தான் கைவரிசை காட்டியிருக்கிறான். சேகரும் கூட்டா?

படகில் ஏறி, செட்டைத் தனி பேட்டரியில் போட்டேன். இரைச்சல் நின்றது. செட்டில் குறையில்லை, இருபத்துநாலு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கும் கன்வெர்ட்டர்தான் கத்துகிறது. அது கத்தும் என்றுதானே போன வருஷம் அதன் ஒயரில் இரைச்சலை அடக்கும் இரண்டு கறுப்பு ஃபெரைட் வளையங்கள் மாட்டினேன்? ஒயரைப் பார்த்தால் வளையங்களைக் காணோம்.

"எவன்டா கழட்டுனது?"

கேட்டுக்கொண்டே படகு முழுக்கத் தேடினேன். படகின் மூக்கில், அணியத்தில், எலுமிச்சை மிளகாயோடு கறுப்புக் கயிற்றில் இரண்டும் தொங்கின.

"அதுவாக்கா? பெயிண்ட் அட்ச்சப்போ நைனா கட்டுச்சு. எம் பொண்ணு குட்த்த கறுப்பு, எந்தக் கண்ணும் படாதுன்னுச்சு. திஷ்டிக்குன்னுதான் நான் நெனச்சுகினு கீறேன்."

ஏன் நைனா இப்படிச் செய்தாய்? என் வேலையில் நம்பிக்கை இல்லையா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாட்டும்போது "இன்னாத்துக்குமா இது?" என்று கேட்டாய். வேலை அவசரத்தில், "கெட்டது உள்ள வராம இருக்க நைனா" என்றேன். செட்டுக்குள்ளா, படகுக்குள்ளா என்று சொல்லவே இல்லையே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

புது வளையங்கள் வாங்கி, ஒயரை மூன்று சுற்றுச் சுற்றி மாட்டினேன். கன்வெர்ட்டரையும் செட்டை விட்டுத் தள்ளி வைத்தேன். நேற்றுத் திரும்பிய சேகர், பேச்செல்லாம் சுத்தமாகக் கேட்டது என்றான். டோல்கேட்காரனை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.

இனி எதை மாட்டினாலும் எதற்கென்று நிதானமாகச் சொல்வேன், இது சத்தியம். அணியத்தில் நீ கட்டியதைக் கழற்ற மாட்டேன். அன்று அந்த விசைப்படகு மோதாமல் போனது எப்படி என்றும் விசாரிக்க மாட்டேன்.

'சந்தேகக்காரி' என்று நீ கூப்பிட்ட
உன் மூத்த மகள்
வசந்தி