இடப்பக்கம் வைத்த குச்சிகள்

டோங்குவான்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் யாச்சின் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

அப்பா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு ஊருக்கு வரத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் அவர் செய்வதுபோலவே பன்றி இறைச்சியை உருக்கிய கற்கண்டும் சோயா சாஸும் சேர்த்து, சிறுதீயில் இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். அவருக்கும் ஒரு கிண்ணம் சோறு வைத்தேன்.

அறைத்தோழி மெய்ஃபென், "செத்தவங்களுக்குச் சாப்பாட்டுக் குச்சியைச் சோத்துல நட்டு வைக்கணும்டி, மறந்துட்டியா?" என்றாள்.

"மறக்கல" என்றேன். நட்டு வைக்க மனம் வரவில்லை. குச்சிகளைக் கிண்ணத்துக்கு இடப்பக்கம் படுக்கவைத்தேன், அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம்தானே.

கற்கண்டு கருகி, இறைச்சி சற்றுக் கசந்தது. அப்பா எப்போது தண்ணீர் ஊற்றுவார் என்று எழுதுங்கள். நம் வீட்டு மிளகாய் வற்றலும் கொஞ்சம் அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அம்மா, நீங்கள் அங்கே குச்சிகளை நட்டுத்தான் வைத்தீர்களா?

யாச்சின்