வகுப்பில் தலையாட்டியவன்

என் முதலாளியம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த நாட்டு மொழி வகுப்பில் நேற்று ஒரு கூத்து. இங்கே இலக்கணம் கிடையாது, ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனிக்க ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் கடைசி பெஞ்சில் உட்காருவாள். நம் மொழிக்காரிதான். நேற்று நடித்துப் பேச வேண்டியதில் நான் கடைக்காரன், பக்கத்தில் உட்காரும் நர்ஸ் வாடிக்கையாளர். கிழிந்த பையைக் காட்டி என்னவோ குறை சொன்னாள். நான் சிரித்துத் தலையாட்டி வேறு பையைக் கொடுத்துவிட்டேன். வியாபாரம் முடிந்தது, பாடமும் முடிந்தது!

வெளியே வந்ததும் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இத்தனை நாள்ல நீங்க வாயே திறக்கலை, தெரியுமா?"

"டீச்சர் என்கிட்ட எதுவும் கேக்கலையேம்மா."

"எப்படிக் கேப்பாங்க? அவங்க திரும்புறப்பல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டுறீங்க. சரி, இவருக்குத் தெரியும்னு அடுத்த ஆளுகிட்ட போயிடுறாங்க."

ஊரில் நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை. பேச்சுத் தேர்வில் அதற்கு மார்க் இல்லை. தேறாவிட்டால் உங்களை இங்கே அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காது. தேர்வு அடுத்த வாரம். தேறுவேன் என்று தோன்றவில்லை, உன்னிடம் மறைத்து என்ன?

யாராவது வந்தால் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. சின்னவள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு. எதையாவது பேசட்டும், நீளமாக இருந்தால் போதும்.

குடோன் வேலைக்கு நேரமாகிவிட்டது. சின்னவளுக்கு வரும் வருஷமும் அங்கேயே பள்ளியில் இடம் சொல்லி வை.

உன்,
வீட்டுக்காரன்